ராட்டினம் சுழற்றிய பெர்ரிஸ்

சிக்காகோ என்றதும் நம்மவர் நினைவுக்கு முதலில் வருவது சுவாமி விவேகானந்தர்தாம். 1893-ஆம் ஆண்டு செப்டம்பர் 11-ந் தேதி சர்வமத மகாசபையில் அவர் பேச எழுந்ததையும், அவரை அங்கே அனுப்பி வைக்கச் சென்னை அன்பர்கள் பொருள் திரட்டியதையும், இராமநாதபுரம் சேதுபதி துணை நின்றதையும் பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். அந்த மகாசபை தனியே நடந்த கூட்டமன்று என்பது பலருக்கு நினைவிராது. கொலம்பஸ் அமெரிக்கக் கரையைக் கண்டு நானூறு ஆண்டுகள் நிறைந்ததைக் கொண்டாட அந்நகரில் நடந்த உலகப் பொருட்காட்சியின் ஓர் அங்கமே அது. சபை கூடியது நகரின் நடுவே ஒரு மண்டபத்தில். அங்கிருந்து சில மைல் தெற்கே, பொருட்காட்சித் திடலை ஒட்டிய கேளிக்கை வீதியில், அதே நாட்களில் 264 அடி உயரமான இரும்புச் சக்கரம் ஒன்று ஆயிரக்கணக்கான மக்களைத் தூக்கிக்கொண்டு மெல்லச் சுழன்று கொண்டிருந்தது.

அந்தச் சக்கரத்தைச் சமைத்தவர் ஜார்ஜ் வாஷிங்டன் கேல் பெர்ரிஸ். உலகில் எந்தக் கேளிக்கைப் பூங்காவுக்குப் போனாலும் அவர் பெயரைத்தான் ராட்டினத்துக்கு வைத்திருக்கிறார்கள். பெயர் நிலைத்தது, மனிதரின் கதை மறந்துவிட்டது.

அவர் பிறந்தது 1859-ஆம் ஆண்டு பிப்ரவரி 14-ந் தேதி, இல்லினாய்ஸ் மாநிலத்துக் கேல்ஸ்பர்க் என்னும் சிற்றூரில். ஊரை நிறுவிய பாதிரியாரின் பெயரையே குழந்தைக்கு இட்டார்கள். ஐந்து வயதானபோது குடும்பம் மேற்கே நெவாடாவுக்குக் குடிபெயர்ந்தது. பிறகு கார்ஸன் நகரில் தங்கியது. மரஞ்செடி குறைந்த வறண்ட பூமி அது. தகப்பனார் கிழக்கிலிருந்து கன்றுகளைத் தருவித்து அந்நகரில் நட்டு வளர்த்தார். கார்ஸன் ஆற்றில் நீர் இறைக்கும் பெரிய சக்கரம் ஒன்று சுழல்வதைச் சிறுவன் மணிக்கணக்காகப் பார்த்து நிற்பான், பின்னாளில் கண்ட கனவுக்கு அதுவே வித்து என்று ஒரு கதை வழங்குகிறது. புகழ் பெற்றவர்களின் பிள்ளைப் பருவத்துக்கு இப்படிப்பட்ட கதைகள் தாமே வந்து ஒட்டிக்கொள்ளும். நம்பினாலும் கெடுதல் இல்லை.

கலிபோர்னியாவில் ஒரு ராணுவப் பள்ளியில் படித்து முடித்தபின், நியூயார்க் மாநிலத்து டிராய் நகரில் உள்ள ரென்ஸலேர் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்து, 1881-இல் சிவில் என்ஜினீயராகத் தேறினார். ரயில் பாதை, சுரங்கம், பாலம் என்று சில ஆண்டுகள் அலைந்தார். அப்பொழுதுதான் பாலங்களுக்கு இரும்பு போய் எஃகு வந்து கொண்டிருந்தது. எஃகு புதிய சரக்கு. ஆலைக்கு ஆலை தரம் வேறுபடும். வாங்குகிறவனுக்காக ஆலைக்கே போய், சட்டங்களைச் சோதித்து, இது தாங்கும், இது தாங்காது என்று சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது. பெர்ரிஸ் அந்தத் தொழிலைப் பிடித்துக்கொண்டார். பிட்ஸ்பர்க் நகரில் தம் பெயராலேயே ஒரு பரிசோதனைக் கம்பெனி தொடங்கினார். 1886-இல் மார்கரெட் பீட்டி என்னும் பெண்ணை மணந்தார். முப்பது வயதுக்குள் நல்ல வருமானம், நல்ல பெயர், நகரத்தில் மதிப்பு எல்லாம் வந்துவிட்டன. பிறர் எஃகைச் சந்தேகிப்பதே அவர் பிழைப்பு. இதை நினைவில் வைத்துக்கொண்டால் மேலே வருவது நன்கு விளங்கும்.

1889-இல் பாரிஸ் நகரத்துப் பொருட்காட்சிக்கு ஈபில் என்ற என்ஜினீயர் சுமார் ஆயிரம் அடிக் கோபுரம் ஒன்றைக் கட்டிவிட்டார். அமெரிக்கர்களுக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. சிக்காகோ பொருட்காட்சியின் கட்டட வேலைகளுக்குத் தலைவரான டேனியல் பர்னாம் என்ஜினீயர்களைக் கூட்டிவைத்து, கட்டடக் கலைஞர்கள் தங்கள் பங்கைச் செய்துவிட்டார்கள், நீங்கள் இன்னும் ஒன்றும் செய்யவில்லையே என்று குத்திக் காட்டினார். வந்த யோசனைகளெல்லாம் கோபுரங்களாகவே இருந்தன. ஈபிலே கடல் கடந்து வந்து இன்னும் உயரமாக ஒன்று கட்டித் தருவதாகச் சொல்ல, உள்ளூர் என்ஜினீயர்கள் கொதித்துப் போனார்கள். பர்னாமுக்குக் கோபுரமே வேண்டாம். கோபுரத்தைக் கோபுரத்தால் வெல்ல முயன்றால் போலி என்றல்லவா உலகம் சொல்லும்?

பெர்ரிஸுக்குச் சக்கரம் தோன்றியது. சிக்காகோவில் ஓர் உணவு விடுதியில் உட்கார்ந்திருந்தபோதே அளவுகள், பெட்டிகளின் எண்ணிக்கை, கட்டணம் வரை காகிதத்தில் கிறுக்கிவிட்டார் என்றும், பின்னர் அதில் ஒன்றையும் மாற்றவில்லை என்றும் சொல்வார்கள்.

ஆள் ஏறிச் சுற்றும் சக்கரத்தை அவர்தாம் முதன்முதலில் கண்டுபிடித்தார் என்று கொள்ளக்கூடாது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே துருக்கிய சாம்ராஜ்யத்தில் விழா நாட்களில் மரச் சக்கரத்தில் மக்கள் ஏறிச் சுற்றியதை ஐரோப்பிய யாத்திரிகர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். நம் ஊர்த் திருவிழாக்களிலும், இங்கே வடநாட்டு மேளாக்களிலும், இரண்டு ஆட்கள் சட்டங்களில் குரங்குபோல் ஏறி இறங்கித் தம் உடல் எடையாலேயே சுழற்றும் மர ராட்டினத்தை நாம் கண்டிருக்கிறோம். அமெரிக்காவிலேயே வில்லியம் ஸோமர்ஸ் என்பவர் கடற்கரை ஊர்களில் ஐம்பதடி மரச் சக்கரங்களை ஓட்டிக் கொண்டிருந்தார். பெர்ரிஸ் செய்தது அளவை மாற்றியது. ஐம்பதடியை ஐந்து மடங்காக்கினால் மரம் உதவாது. கணக்கும் பழைய கணக்காக இராது.

இவ்விடத்தில் அந்தக் கணக்கைச் சற்று விளக்குவது நல்லது. மாட்டு வண்டிச் சக்கரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாரம் அச்சின்மேல் இறங்குகிறது. குடத்துக்குக் கீழேயுள்ள ஆரக்கால் தூண்போல நின்று அதைத் தாங்குகிறது. அமுங்குவதால் அது பருத்த கட்டையாக இருக்க வேண்டும். சைக்கிள் சக்கரம் வேறு. அதன் கம்பிகள் இழுவையை மட்டும் தாங்குபவை. எனவே மெல்லியதாக இருந்தாலும் போதும். பெர்ரிஸ் தம் சக்கரத்தைச் சைக்கிள் சக்கரமாகவே அமைத்தார். இரண்டு கோபுரங்களின் உச்சியில் அச்சு. அச்சிலிருந்து இரண்டரை அங்குலக் கனமுள்ள எஃகுக் கம்பிகள் நாற்புறமும் போய் விளிம்பைப் பிடித்துக்கொள்கின்றன. விளிம்பின் கீழ்ப்பாதி அச்சிலிருந்து தொங்குகிறது. மேல்பாதி அதன்மேல் வளைவுபோல் நிற்கிறது. ஆகவே 250 அடி விட்டமுள்ள அந்தப் பூதம் தூரத்திலிருந்து பார்த்தால் சிலந்தி வலைபோல மெலிந்து தெரிந்தது. அழகு அதுதான், ஆபத்தாகத் தோன்றியதும் அதுதான். பார்த்தவர்கள் இந்தக் கம்பிகளா தாங்கும் என்று பயந்தார்கள். காற்று எவ்வளவு தள்ளும், பெட்டிகள் ஒரு பக்கம் மட்டும் நிறைந்தால் எவ்வளவு சாயும் என்பதையெல்லாம் அவருடைய கூட்டாளி குரோனா என்பவர் உட்கார்ந்து கணக்கிட்டார். முன்மாதிரி இல்லாத கணக்கு.

பொருட்காட்சிக் குழுவினர் 1892-ஆம் ஆண்டு நடுவில் அனுமதி கொடுத்தார்கள். உடனே பயந்து திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். பெர்ரிஸ் சுமார் 25,000 டாலர் கைப்பணத்தைப் போட்டு வரைபடங்களையும் கணக்குகளையும் தயாரித்து, மதிப்புள்ள என்ஜினீயர்களின் ஆதரவையும் முதலாளிகளின் பணத்தையும் சேர்த்துக்கொண்டு மறுபடி போய் நின்றார். டிசம்பர் 16-ந் தேதி அனுமதி கிடைத்தது. பொருட்காட்சி திறக்க வேண்டியது மே முதல் தேதி. இடையே நாலரை மாதம். அதுவும் சிக்காகோவின் குளிர்காலம்.

ஜனவரியில் அஸ்திவாரம் தோண்டினார்கள். மேலே மூன்றடிக்குமேல் மண் உறைந்து கல்லாகக் கிடந்தது. அடியில் கால் புதையும் சேற்று மணல். உறைந்த மண்ணை நீராவி செலுத்தி இளக்கினார்கள். ஊற்றிய கான்கிரீட் இறுகுமுன் உறைந்துவிடாதபடி அதற்கும் நீராவி செலுத்தினார்கள். கோபுரக் கால்களுக்காக 35 அடி ஆழத்துக்கு எட்டுத் தூண் அஸ்திவாரங்கள் இறங்கின. களத்தில் நின்று இதையெல்லாம் நடத்தியவர் லூதர் ரைஸ் என்ற மேற்பார்வையாளர். எந்த ஓர் ஆலையும் இத்தனை எஃகைக் குறித்த காலத்தில் தர முடியாது என்பதால், வேலை பல ஆலைகளுக்குப் பங்கிடப்பட்டது. ஓர் ஊரில் வார்த்த பாகம் இன்னோர் ஊரில் துளையிட்ட பாகத்தோடு சிக்காகோவில்தான் முதன்முதல் சந்திக்கும். துளை அரை அங்குலம் பிசகினாலும் தொலைந்தது. பிறர் எஃகைச் சோதித்துப் பழகிய கம்பெனி இல்லாவிட்டால் இது நடந்திராது என்றே எனக்குத் தோன்றுகிறது.

அச்சு மட்டும் பெத்லஹேம் இரும்பாலையில் உருவாயிற்று. நீளம் 45 அடிக்கு மேல்; கனம் 33 அங்குலம்; எடை சுமார் 45 டன். அதுவரை அத்தனை பெரிய உள்ளீடற்ற எஃகுத் துண்டை உலகில் எவரும் அடித்து உருவாக்கியதில்லை. அதை 140 அடி உயரக் கோபுரங்களின் உச்சிக்கு ஏற்றி, தாங்கிகளில் பிசகாமல் அமர்த்தினார்கள். இன்றைக்கு நாம் காணும் பளுதூக்கி யந்திரங்கள் இல்லாத காலம்.

மே முதல் தேதி வந்தது, பொருட்காட்சி திறந்தது, சக்கரம் அரைகுறையாக நின்றது. அந்த மாதத்திலேயே அமெரிக்கப் பங்கு மார்க்கெட்டில் பெரும் சரிவு. பாங்குகள் மூடிக் கொண்டிருந்தன. ஏறக்குறைய 4 லட்சம் டாலர் போட்ட வேலை, ஒரு காசு வரவில்லாமல், வந்தவர்கள் அண்ணாந்து பார்த்து நகைக்க நின்றது.

ஜூன் 9-ந் தேதி மாலை, பெட்டிகள் மாட்டாத வெறும் சக்கரத்தை முதன்முறை ஓட்டிப் பார்த்தார்கள். பெர்ரிஸ் அங்கே இல்லை. பிட்ஸ்பர்க்கில் தம் வேலையில் இருந்தார். ஆவி திறக்கப்பட்டது. சக்கரம் அசைந்தது. உடனே மேலிருந்து கடகடவென்று ஆணிகளும் திருகுகளும் விழத் தொடங்கின. வேலையாட்கள் மறந்து விட்டுப்போனவை அவை. சக்கரத்தின் அங்கங்கள் அல்ல. குரோனாவின் கணக்குச் சரியாக இருந்தது. ஒரு முழுச் சுற்று முடிந்ததும் தந்தி பறந்தது. அடுத்த சில நாட்களில் ஆறு பெட்டிகளை மட்டும் மாட்டி மறுபடி ஓட்டினார்கள். ஏறியவர்களில் ஒருவர் மார்கரெட் பெர்ரிஸ். கணவர் கட்டியதில் முதலில் உயிரைப் பணயம் வைத்தவர்களில் மனைவியும் ஒருவர் என்பதை இந்தக் கதையைச் சொல்லுகிறவர்கள் அவ்வளவாக எடுத்துச் சொல்வதில்லை.

ஜூன் 21-ந் தேதி பொதுமக்களுக்குத் திறந்தது. 36 பெட்டிகள், ஒவ்வொன்றும் ரயில் பெட்டி போன்றது, 13 டன் எடை, சுழல் நாற்காலிகள் 40, நிற்பவர்களையும் சேர்த்து 60 பேர். எல்லாம் நிறைந்தால் 2,160 பேர் ஒரே சமயத்தில் ஆகாயத்தில் இருப்பார்கள். கீழே ஆறு மேடைகள் இருந்தமையால் ஒரே நேரத்தில் ஆறு பெட்டிகளுக்கு ஆள் ஏறலாம். எனவே ஆறு முறை நின்று ஒரு சுற்று. பிறகு நிற்காமல் ஒன்பது நிமிஷத்தில் இன்னொரு சுற்று. கட்டணம் 50 சென்ட். பொருட்காட்சிக்கு நுழைவுக் கட்டணமும் அதுவே.

ஒன்பது நிமிஷத்துக்கு ஒரு சுற்று என்றால் விளிம்பின் வேகம் மணிக்கு ஏறக்குறைய ஒரு மைல். நாம் நடப்பதைவிடக் குறைவு. ஆகவே அதில் வயிற்றைக் கலக்கும் வேலையே இல்லை. சரிவில் உருண்டு பாயும் வண்டியில் உடல் இருக்கையிலிருந்து மிதப்பதும் அமுங்குவதும் திசைவேகம் சட்டென்று மாறுவதால் வருவன. இங்கே மாற்றம் அத்தனை மெதுவாக நிகழ்வதால் உடம்புக்குத் தெரிவதே இல்லை. கண்ணுக்கு மட்டுமே தெரியும். பெட்டி விளிம்பில் மேலே ஓர் அச்சில் தொங்குகிறது. சக்கரம் எப்படித் திரும்பினாலும் அதன் எடை அதைக் கீழ்நோக்கியே நிறுத்தி வைக்கும். எதிர்ப் புறங்களின் எடை ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொள்வதால், அத்தனை பாரத்தைச் சுழற்ற ஆயிரம் குதிரைச் சக்தி கொண்ட ஒரே ஆவி என்ஜின் போதுமாக இருந்தது. இன்னொன்றைச் சேமிப்பில் வைத்திருந்தார்கள். என்ஜினின் சக்தி விளிம்பின் பற்களில் கொளுவிய பெரிய சங்கிலிகள் வழியே சென்றது. நிறுத்தக் காற்றுத் தடை.

அன்று ஆகாய விமானம் இல்லை. பெரும்பாலான மக்கள் தங்கள் ஊரை மேலிருந்து பார்த்ததே இல்லை. 264 அடியில் ஏரியும், வெள்ளை மாளிகைகளாகப் பரந்த பொருட்காட்சியும், அப்பால் சமவெளியும் கண் முன்னே விரிந்தன. நவம்பர் 6 வரை ஏறக்குறைய பதினாலரை லட்சம் பேர் ஏறினார்கள். வசூல் 7 லட்சம் டாலருக்கு மேல். பெரிய விபத்து ஒன்றும் நேரவில்லை.

வெற்றிக் கதை என்றால் இங்கே நிறுத்திவிடலாம். பெர்ரிஸின் வாழ்க்கை அதன்பின் மூன்றே ஆண்டுகள். செலவு போக வரவில் பாதி பொருட்காட்சிக்குச் சேர வேண்டும் என்று ஒப்பந்தம். கணக்கில் தகராறு, தமக்கு வரவேண்டியது வரவில்லை என்று பெர்ரிஸ் வழக்குக்குப் போனார். அவர்மேலும் வழக்குகள் வந்தன. மரச் சக்கர ஸோமர்ஸ் தம் பேடண்டைத் திருடிவிட்டதாக நீதிமன்றம் ஏறினார். அவரால் வெல்ல முடியவில்லை, ஆனால் வக்கீல்களுக்குப் பணம் போயிற்று. வேறு ஊர்கள் சக்கரத்தை வாங்கும் என்று எதிர்பார்த்தார். பெயர்த்தெடுத்துக் கொண்டுபோய் நிறுத்தும் செலவைக் கேட்டதும் எல்லோரும் பின்வாங்கினார்கள். சிக்காகோவின் வடபகுதியில் கிளார்க் தெருவோரம் 1895-இல் மறுபடி நிறுத்தினார்கள். சுற்றி வாழ்ந்தவர்கள் எதிர்த்தார்கள், மதுக்கடைக்கு லைசென்ஸ் கிடைக்கவில்லை, கூட்டமும் வரவில்லை. பொருட்காட்சிக்கு உலகமே வந்தது. தெருவோரச் சக்கரத்துக்கு எத்தனை பேர் வருவார்கள்?

சிறிய அளவில் செய்து தாருங்கள் என்று வேறு சிலர் கேட்டபோது பெர்ரிஸ் அதில் மனம் செலுத்தவில்லை. பெரியதில்தான் அவர் கண். இது அவர் குறை என்றே நான் கொள்கிறேன். கோனி தீவில் ஜார்ஜ் டில்யூ என்பவர், சிக்காகோவில் இதைப் பார்த்துவிட்டுப் போய், பாதி அளவில் 125 அடிச் சக்கரம் ஒன்றை நிறுத்தி, அதைச் சுற்றியே பின்னர் 1897-இல் வேலி போட்ட கேளிக்கைப் பூங்காவை உண்டாக்கினார். சல்லிவன் என்னும் பாலம் கட்டுபவர் சிக்காகோவில் ஏறிப் பார்த்த நினைவைக் கொண்டு, கழற்றி ஊர் ஊராக ஏற்றிச் செல்லத்தக்க சிறு சக்கரத்தை 1900-இல் ஓட்டிக் காட்டினார். பணம் பண்ணியவர்கள் அவர்களே.

1896-இல் மார்கரெட் அவரை விட்டுப் பிரிந்து பெற்றோர் வீட்டுக்குப் போனார். கடன் கழுத்தை நெரித்தது. அந்த நவம்பரில் டைபாய்டு ஜுரம் கண்டு பிட்ஸ்பர்க் மெர்ஸி ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர், 22-ந் தேதி காலமானார். வயது 37. உடலைத் தகனம் செய்தார்கள். ஈமச் செலவுக்குச் சேரவேண்டிய பணம் வராததால், அஸ்தி ஓராண்டுக்கு மேல் ஈமக் கிரியைக்காரரிடமே கிடந்தது. பதினாலரை லட்சம் பேரை ஏற்றி இறக்கியவருடைய சாம்பலை வாங்கிச் செல்ல ஆள் இல்லை.

அடுத்த ஆண்டே, 1897-இல், வியன்னாவில் பாஸெட் என்ற ஆங்கிலேயர் சுமார் 65 மீட்டர் உயரச் சக்கரத்தை நிறுத்தினார். இரண்டாம் உலகப் போரில் எரிந்து, பாதிப் பெட்டிகளோடு புதுப்பிக்கப்பட்டு, இன்றும் அது சுற்றுகிறது. லண்டனில் 2000-ஆம் ஆண்டில் திறந்தது 135 மீட்டர். லாஸ் வேகாஸில் 2014-இல் 167 மீட்டர். துபாயில் 2021-இல் 250 மீட்டர். மின் மோட்டாரும் கண்ணாடிக் கூண்டும் வந்திருக்கின்றன. லண்டனில் கம்பிகள் இழுக்கும் முறை பெர்ரிஸ் முறைதான்.

முதல் சக்கரம் என்ன ஆயிற்று? கம்பெனி திவாலாகி, 1903-இல் பழைய இரும்பு வாங்குபவர்கள் 8,150 டாலருக்கு எடுத்தார்கள். உடைக்காமல் செயிண்ட் லூயிஸ் நகருக்குக் கொண்டுபோய் 1904-ஆம் ஆண்டுப் பொருட்காட்சியில் மறுபடி ஓட்டினார்கள். அங்கும் மக்கள் ஏறினார்கள். பொருட்காட்சி முடிந்தபின் யாருக்கும் வேண்டாத பொருளாக நின்றது. 1906-ஆம் ஆண்டு மே 11-ந் தேதி அஸ்திவாரத்தில் டைனமைட் வைத்தார்கள். முதல் வேட்டில் கால்கள் முறிந்தன. சக்கரம் உடனே சிதறவில்லை. சற்றுத் தயங்கி, மெல்லச் சாய்ந்து, தன்மேலேயே மடங்கி விழுந்து, முப்பது நாற்பதடி உயர இரும்புக் குவியலாயிற்று. கம்பிகளையும் சட்டங்களையும் வெட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். 45 டன் அச்சை அங்கேயே புதைத்துவிட்டதாகச் செயிண்ட் லூயிஸ் நகரில் சிலர் சொல்வார்கள். சிக்காகோவுக்குக் கொண்டுபோய்த் துண்டாக்கியதாக வேறு சிலர் சொல்வார்கள்.